ஒரே சார்ஜில் ஆயிரம் கிலோமீற்றர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்சாரக் கார் ஒன்று ஒரே சார்ஜில் 1,205 கிலோமீற்றர் ஓடியது பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிச் செய்தி ஒன்றை வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் கேள்வி எழுதியிருக்கிறார்கள். எல்லாமே ஒரே பொருளைச் சுற்றி வருவதால் இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில்களில் வரும் ‘அலகு’ உங்கள் வீட்டு மின்பட்டியலில் உள்ள அதே அலகுதான். ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவி ஒரு மணித்தியாலம் இயங்கினால் செலவாகும் மின்சாரம்.

கேள்வி: 1,205 கிலோமீற்றர் என்பது நம்பத்தக்கதா, ஐயா? என் மருமகன் வைத்திருக்கும் மின்சாரக் கார் மாங்குளத்திலிருந்து யாழ்ப்பாணம் போனால், அங்கே சார்ஜ் ஏற்றாமல் திரும்பி வருவதில்லை.
– ஓய்வுபெற்ற கிராம அலுவலர், மாங்குளம்

பதில்: நம்பலாம். 2025 ஜூலையில் லூசிட் நிறுவனத்தின் ‘எயர் கிராண்ட் ரூறிங்’ என்ற கார் சுவிற்சர்லாந்தின் சென் மொறிட்ஸ் நகரில் புறப்பட்டு, இடையில் எங்கும் சார்ஜ் ஏற்றாமல் ஜேர்மனியின் மியூனிக் நகரை அடைந்தது. கின்னஸ் அமைப்பும் அந்தத் தூரத்தை ஏற்றுப் பதிவு செய்தது. ஐரோப்பியப் பரிசோதனை முறைப்படி அந்தக் காருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தூரம் 960 கிலோமீற்றர். மேலதிகமாக ஓடிய இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றருக்குத்தான் நாம் காரணம் தேட வேண்டும்.

முதற் காரணம் ஓட்டிய விதம். அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன். இரண்டாவது காரணம் நிலம். சென் மொறிட்ஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, மியூனிக்கோ 500 மீற்றர் அளவில். இரண்டேகால் தொன்னைத் தாண்டும் அந்தக் கார் 1,300 மீற்றர் கீழே இறங்கும்போது அதற்குக் கிடைக்கும் சக்தி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன். ஏறத்தாழ 8 அலகு வந்தது. 100 கிலோமீற்றருக்கு 10 அலகளவில் செலவிட்ட பயணத்தில் 8 அலகு என்றால் 80 கிலோமீற்றர் மலை கொடுத்த கொடை. இதனால் சாதனை பொய்யாகிவிடவில்லை, கார் உண்மையிலேயே அத்தனை தூரம் ஓடியது. ஆனால் அதே கார் மியூனிக்கில் புறப்பட்டு மலையேறியிருந்தால் இதே எண் வந்திராது என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் மருமகனின் கார் பத்து வருடத்துக்கு முன் இறக்குமதியான சிறிய ஜப்பானியக் காராக இருந்தால், புதிதாக வந்தபோதே அதன் பற்றரியின் கொள்ளளவு 24 அலகுதான். லூசிட் காரினதோ 120 அலகுக்குச் சற்றே குறைவு. இரணைமடுப் பெருங்குளத்தையும் ஊரில் உள்ள ஒரு சிறு குளத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்று கேட்பது போன்றது இந்த ஒப்பீடு. முதலில் குளத்தின் கொள்ளளவைக் கேட்க வேண்டும், பிறகு வாய்க்காலில் எவ்வளவு நீர் வீணாகிறது என்று கேட்க வேண்டும். சாதனைகளின் சுவாரசியம் முழுவதும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

கேள்வி: சாதனை ஓட்டங்களில் கார்களை 30, 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டியதாக வாசித்தேன். வேகத்தைக் குறைத்தால் தூரம் கூடுவதன் பௌதிகவியல் காரணம் என்ன? அப்படியானால் 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினால் இன்னும் அதிக தூரம் போகலாமா?
– உயர்தர மாணவி, கிளிநொச்சி

பதில்: நல்ல கேள்வி, அதிலும் இரண்டாவது பகுதி மிக நல்ல கேள்வி.

காரை முன்னே நகர்த்தும்போது இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஒன்று ரயர்களின் உருளல் உராய்வு. அது காரின் நிறையைப் பொறுத்தது, வேகத்துக்கேற்பப் பெரிதாக மாறுவதில்லை. மற்றையது காற்றுத் தடை. அது வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. 40 கிலோமீற்றர் வேகத்தில் உள்ள காற்றுத் தடையை விட 80 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு மடங்கும், 120 இல் ஒன்பது மடங்கும் இருக்கும். எனவே நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும் கார் தன் பற்றரியின் பெரும்பகுதியைக் காற்றை விலக்குவதற்கே செலவிடுகிறது.

இதை நன்கு அறிந்தவர்கள்தான் சாதனைகளை நிறுவினார்கள். 2010 மே மாதத்தில் ஜப்பானின் மின்வாகனக் கழகத்தினர், டைஹற்சு மிரா என்ற சின்னஞ்சிறு காரின் பெற்றோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மோட்டரைப் பூட்டி, இபராக்கி மாகாணத்தின் ஷிமொற்சுமாவில் உள்ள ஓடுபாதையில் 1,003 கிலோமீற்றர் ஓட்டினார்கள். அக்காலத்து மடிக்கணினிகளில் இருந்த அதே வகைச் சிறு உருளைக் கலங்கள் 8,320 ஐச் சேர்த்துக் கட்டிய பற்றரி அது. கொள்ளளவு 74 அலகு. சராசரி வேகம் 40 கிலோமீற்றருக்குள், நேரம் இருபத்தேழரை மணித்தியாலம், ஓட்டியவர்கள் 17 பேர். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் அதே காரைத் தோக்கியோவிலிருந்து ஒசாக்கா வரை 555 கிலோமீற்றர் பொதுவீதியில் ஓட்டிக் காட்டியிருந்தார்கள். 2017 இல் இத்தாலியின் ரெஸ்லா உரிமையாளர்கள் சிலர் சலேர்னோவுக்கு அருகில் ‘மொடல் எஸ்’ காரை 29 மணித்தியாலத்தில் 1,078 கிலோமீற்றர் ஓட்டினார்கள். அங்கும் சராசரி வேகம் 40க்கு உள்ளேதான். 2020 இல் ஜேர்மனியின் லவுசிற்ஸ் ஓடுபாதையில் மூன்று ஹியுண்டாய் கோனா கார்கள் 64 அலகுப் பற்றரியுடன் முறையே 1,018, 1,024, 1,026 கிலோமீற்றர் ஓடின. வேகம் 30 கிலோமீற்றர் அளவில். கடைகளில் விற்கும் சாதாரணக் கார் 100 கிலோமீற்றரை 6 அலகுக்குச் சற்றே கூடுதலான மின்சாரத்தில் கடந்தது என்பதே இதில் எனக்குப் பெரிய செய்தி.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 10 கிலோமீற்றர் வேகத்துக்கு இறங்கினால் இலாபம் கிடைக்காது, நட்டமே வரும். காரில் ஓடும் தூரத்தோடு தொடர்பில்லாத செலவுகள் இருக்கின்றன. கணினி, விளக்கு, குளிரூட்டும் பம்பி, ஏசி ஆகியவை கார் ஓடினாலும் நின்றாலும் மணித்தியாலக் கணக்கில் மின்சாரத்தை எடுக்கும். ஏசி ஆயிரம் வாற்று எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீற்றர் வேகத்தில் 100 கிலோமீற்றரைக் கடக்க ஒன்றேகால் மணித்தியாலம் ஆகும், ஆகவே ஏசிக்குச் செலவாவது ஒன்றேகால் அலகு. 20 கிலோமீற்றர் வேகத்தில் அதே தூரத்துக்கு 5 மணித்தியாலமும் 5 அலகும் போய்விடும். காற்றுத் தடையின் செலவும் இந்த மணித்தியாலச் செலவும் ஒன்றையொன்று சமன் செய்யும் இடம் பெரும்பாலான கார்களுக்கு 30க்கும் 40க்கும் இடையில் எங்கோ வருகிறது. அதனால்தான் இங்கே சொன்ன ஓடுபாதைச் சாதனையாளர்கள் எல்லோரும் அந்த வேகத்திலேயே வந்து நிற்கிறார்கள். ஏசியை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க ஓட்டுவதற்கும் இதுவே காரணம்.

இதை நானே நேரில் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் பழைய மின்சாரக் காரில் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு, ஏறத்தாழ 75 கிலோமீற்றர், ஏ9 வீதியில் எல்லோரும் ஓடும் வேகத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு போனோம். நூறு வீதத்தில் புறப்பட்டோம். புளியங்குளம் தாண்டும்போது கண்ணாடிக்குக் கீழே இருந்த எண் 40க்குக் கீழே இறங்கியிருந்தது. ஓமந்தைக்குப் பிறகு வீதியை விட அந்த எண்ணையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தோம். வவுனியாவில் நின்றபோது 12 வீதம் மிஞ்சியிருந்தது. அங்கே முழுமையாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஏசியை அணைத்து, யன்னலைச் சிறிது இறக்கி, 50ஐத் தாண்டாமல் ஓட்டினோம். கிளிநொச்சியில் இறங்கும்போது 41 வீதம் இருந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், திரும்பும்போது தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று எங்கள் முதுகுப்பக்கம் வீசியது. வவுனியாவும் கிளிநொச்சியை விடச் சில பத்து மீற்றர் உயரம். ஆகவே வித்தியாசம் முழுவதும் வலது காலின் அடக்கத்தால் வந்தது என்று நான் வாதிடவில்லை. ஆனால் பெரும்பங்கு அதனுடையதுதான்.

கேள்வி: மின்சாரக் கார் புதிய கண்டுபிடிப்பு என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்கும் முயற்சிகள் முன்பும் நடந்தனவா?
– ஆசிரியை, முல்லைத்தீவு

பதில்: கார் பிறந்த காலத்திலிருந்தே நடந்தன. 1901 இல் பிரான்சின் லூயி கிரீஜே தான் தயாரித்த மின்சாரக் காரைப் பாரிசிலிருந்து ஷாத்தெல்ரோ வரை 307 கிலோமீற்றர், இடையில் சார்ஜ் ஏற்றாமல் ஓட்டினார். பின்னர் அமெரிக்காவின் டிட்ரோயிற் எலெக்ரிக் நிறுவனத்தின் கார் ஒரு பரிசோதனையில் 340 கிலோமீற்றர் ஓடியது. அக்கார்களுக்குத் தோமஸ் எடிசனின் நிக்கல்–இரும்புப் பற்றரியையும் விரும்பியவர்கள் பூட்டிக்கொள்ளலாம். மலிவான பெற்றோல் வந்த பிறகு இவை மறக்கப்பட்டன.

ஆனால் உங்கள் வகுப்பில் சொல்வதற்கு நான் தெரிவு செய்யும் கதை 1968 ஓகஸ்டில் நடந்த போட்டி. கலிபோர்னியாவின் கல்ரெக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் பழைய வொக்ஸ்வாகன் வானில் ஈயப் பற்றரிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். அதே நேரத்தில் எம்.ஐ.ரி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் நிக்கல்–கட்மியம் பற்றரி பூட்டிய செவ்ரொலே கோர்வேயரில் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். ஒவ்வோர் அணியும் மற்றைய அணியின் பல்கலைக்கழக வாசலை அடைய வேண்டும். இடையில் 5,000 கிலோமீற்றருக்கு மேல் வீதி, அதன் நெடுகிலும் ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கு ஒன்றாக ஐம்பதுக்கு மேற்பட்ட சார்ஜ் நிலையங்கள். சார்ஜ் ஏற்றும்போது சூடேறிய பற்றரிகளை ஐஸ் போட்டுக் குளிர வைத்தார்கள். எம்.ஐ.ரி. கார் ஒன்றரை நாள் முந்தி வந்து சேர்ந்தது. ஆனால் வழியில் பழுதாகிக் கட்டி இழுக்கப்பட்டதற்கான தண்டனை நேரங்களைக் கூட்டிப் பார்த்தபோது, கல்ரெக் மாணவர்கள் அரை மணித்தியாலத்தால் வென்றார்கள். விலை உயர்ந்த பற்றரியை விட வழியில் நின்றுவிடாத வண்டி பெரியது என்று அந்தக் கணக்கு காட்டியது. கல்ரெக் அணியின் பின்னால் நின்ற மாணவர் வோலி ரிப்பெல் பின்னாளில் ஜெனரல் மோட்டோர்ஸின் மின்சாரக் கார் முயற்சியிலும் ரெஸ்லாவிலும் பணியாற்றினார்.

கேள்வி: இத்தனை சாதனைகளில் மிகச் சிறந்தது எது என்று ஒன்றைச் சொல்லுங்கள்.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தூரத்தை மட்டும் பார்த்தால் ‘முக்022’ என்ற வண்டி. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2023 செப்ரெம்பரில் மியூனிக் விமான நிலையத்தின் விமானக் கொட்டகை ஒன்றுக்குள் ஆறு நாட்களாகச் சுற்றிச் சுற்றி ஓட்டி, ஒரே சார்ஜில் 2,573 கிலோமீற்றரைத் தொட்டார்கள். ஓட்டிய நேரம் 99 மணித்தியாலம். வண்டியின் நிறை 170 கிலோகிராம், பற்றரி 15.5 அலகு. சிக்கனமாக வாழும் ஒரு வீட்டுக்கு ஒரு கிழமைக்குச் சரிவரக்கூடிய மின்சாரத்தில், இலங்கையின் தென்முனையிலிருந்து வடமுனைக்கு ஐந்து தடவைக்கு மேல் போகக்கூடிய தூரத்தை ஓடியிருக்கிறார்கள். ஜேர்மன் மாணவர்கள் முன்பும் இப்படி நெடுந்தூரம் ஓட்டியிருக்கிறார்கள்; ஒவன்பேர்க் பல்கலைக்கழகத்தின் ‘ஷ்லுக்ஸ்பெக்ட்’ 2011 இல் 1,631 கிலோமீற்றர் ஓடியது.

இதோடு 2025 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் பொறியியலாளர்கள் செவ்ரொலே சில்வராடோ மின்சாரப் பிக்கப்பை ஓட்டியதை ஒப்பிடுங்கள். அவர்கள் தொட்ட தூரம் 1,704 கிலோமீற்றர். வேகம் 30 முதல் 40 கிலோமீற்றர். கேட்கப் பெரிதுதான். ஆனால் அந்த வாகனத்தின் பற்றரி 205 அலகு. அதாவது முக்022 வண்டியினதைப் போன்ற பதின்மூன்று பற்றரிகளைச் சுமந்துகொண்டு அது அந்த வண்டியை விடக் குறைந்த தூரமே ஓடியது. சுமை ஏற்றும் வாகனத்தையும் ஒருவர் படுத்த நிலையில் ஓட்டும் வண்டியையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் தூரம் என்ற ஓர் எண்ணை மட்டும் தலைப்பில் போட்டுவிட்டுப் பற்றரியின் அளவையும் வேகத்தையும் சொல்லாமல் விடும் செய்திகள் வாசகரை ஏமாற்றுகின்றன. நாங்கள் வெளியிட்ட நான்கு வரிச் செய்தியிலும் அந்தக் குறை இருந்தது, அதற்காக வருந்துகிறேன்.

எனவே என் தெரிவு வேறு. 2022 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் தாங்கள் கட்டிய ‘சன்சுவிவ்ற் 7’ காரை விக்ரோறியா மாநிலத்தின் பரிசோதனைப் பாதையில் ஒரே சார்ஜில் 1,000 கிலோமீற்றர் ஓட்டினார்கள். எடுத்த நேரம் 11 மணி 53 நிமிடம் 32 விநாடி. சராசரி வேகம் 84 கிலோமீற்றர். நாம் ஏ9 வீதியில் ஓடும் வேகம். பற்றரி 38 அலகு. கூரையில் சூரியத் தகடுகள் இருந்தும் அந்த ஓட்டத்தில் அவற்றைப் பயன்படுத்தவில்லை. இடையில் ரயர் காற்றுப் போனது. அதையும் சரிசெய்துகொண்டு ஓடி முடித்தார்கள். 100 கிலோமீற்றருக்கு 4 அலகுக்கும் குறைவான மின்சாரத்தில் சாதாரண வீதி வேகத்தைத் தாங்கும் காரைப் பல்கலைக்கழக மாணவர்களால் கட்ட முடிந்திருக்கிறது என்றால், கார் நிறுவனங்கள் இன்னும் 15, 18 அலகில் நிற்பது ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு வருகிறது.

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் ‘விஷன் இ.கியூ.எக்ஸ்.எக்ஸ்’ மாதிரிக் காரையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2022 ஏப்ரலில் ஜேர்மனியின் சிண்டெல்பிங்கனிலிருந்து பிரான்சின் தென்கரையில் உள்ள கசிஸ் வரை 1,008 கிலோமீற்றர், மற்ற வாகனங்கள் ஓடும் பொதுவீதியில், சராசரி 87 கிலோமீற்றர் வேகத்தில் வந்து சேர்ந்தபோதும் அதன் பற்றரியில் மிச்சம் இருந்தது. செலவு 100 கிலோமீற்றருக்கு 8.7 அலகு. அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் வரை 1,202 கிலோமீற்றர் ஓடியது. 2024 இல் ரியாத்திலிருந்து துபாய் வரை பாலை வெயிலில் 7.4 அலகுக்கு இறங்கியது. கடையில் வாங்க முடியாத கார்தான், ஆனாலும் விமானக் கொட்டகைக்குள் ஓடியதல்ல.

கேள்வி: நான் ஓட்டோ ஓட்டுபவன். மின்சார வாகனங்களின் பற்றரி வெயிலுக்குத் தாங்காது என்கிறார்கள். நாள் முழுவதும் நிறுத்தாமல் ஓட்டினால் என்ன ஆகும்?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கும் சாதனை தனி வகை. 2025 ஓகஸ்டில் இத்தாலியின் நார்டோ வட்டப்பாதையில் மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி.யின் ‘கொன்செப்ற் ஜி.ரி. எக்ஸ்.எக்ஸ்’ மாதிரிக் கார், 7 நாள் 13 மணித்தியாலம் 24 நிமிடத்தில் 40,075 கிலோமீற்றரை, அதாவது பூமியின் நடுக்கோட்டுச் சுற்றளவை, ஓடி முடித்தது. ஓடும்போது வேகம் 300 கிலோமீற்றர். சார்ஜ் ஏற்ற நின்ற நேரங்களையும் சேர்த்தால் சராசரி 220. அதற்கு 850 கிலோவாற்று வலுவில் சார்ஜ் ஏற்றினார்கள். நிமிடத்துக்கு 14 அலகு. முக்022 வண்டி ஆறு நாட்களுக்கு வைத்து ஓடிய மின்சாரம் இங்கே ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் உள்ளே போனது.

இது சிக்கனத்தின் சாதனை அல்ல, வெப்பத்தை அடக்கிய சாதனை. பற்றரியிலிருந்து விரைவாக மின்சாரத்தை எடுத்தாலும் விரைவாக ஏற்றினாலும் அது சூடேறும். அந்தக் காரில் ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் எண்ணெய் ஓடிக் குளிர வைத்தது. உங்கள் தொழிலுக்கு இதில் உள்ள பாடம் நேரானது. பழைய மின்சார வாகனங்கள் பலவற்றில் பற்றரிக்குத் தனியாகக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது, வெளிக்காற்றுத்தான். பங்குனி, சித்திரை வெயிலில் ஓடிவந்த கையோடு விரைவுச் சார்ஜில் போடுவது அவற்றின் ஆயுளைக் குறைக்கும். மரநிழலில் சிறிது நேரம் ஆறவிட்டுப் பின் மெதுவான சார்ஜில் போடுங்கள். பாவித்த வாகனம் வாங்கும்போது ஓடிய கிலோமீற்றரை மட்டும் கேட்காமல், பற்றரியின் கொள்ளளவில் இப்போது எத்தனை வீதம் மீதி இருக்கிறது என்று கருவி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: சாதனையாளர்கள் பற்றரியைப் பூச்சியம் வரை ஓட்டி முடிக்கிறார்களே, நாமும் அப்படிச் செய்யலாமா?
– வவுனியா வாசகர்

பதில்: வேண்டாம். அவர்களுக்குப் பின்னால் இழுத்துப் போக வாகனம் வருகிறது. நாளாந்தப் பாவனைக்கு 20க்கும் 80 வீதத்துக்கும் இடையில் வைத்திருப்பது நல்லது. சில இரும்பு–பொஸ்பேற்றுப் பற்றரிகளை அவ்வப்போது நூறு வீதம் ஏற்றும்படி தயாரித்தவர்களே சொல்வதுண்டு; வாகனத்தோடு வரும் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: போரின்போது பெற்றோல் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாங்கள். சிக்கனமாக ஓட்டுவதை வெளிநாட்டார் இப்போதுதான் சாதனையாகச் செய்கிறார்களா என்று தோன்றியது.
– முதிய வாசகர், மல்லாவி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் தந்தையின் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் நினைவில் வந்து நின்றது. முன் ஆசனத்துக்குப் பக்கத்தில் சோடாப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். அதைச் சில துளிகள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். சூடேறாத இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிற்க வேண்டுமானால், கோயில் கண்ணுக்குத் தெரியும் முன்பே காலை எடுத்துவிடுவார். கார் தானாக உருண்டு, தேங்காய் உடைக்கும் இடத்துக்குக் கிட்ட வந்து, பிறேக் தொடாமலே நிற்கும். பிறேக்கைத் தொட்டால் எண்ணெயை நிலத்தில் ஊற்றியது போல என்பார்.

சாதனையாளர்கள் செய்வதும் அதுவே. மின்சாரக் காரில் பிறேக் பிடிக்கும்போது மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறி, இழந்த சக்தியில் ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்பித் தரும் என்பது உண்மை. ஆனால் போகும்போதும் வரும்போதும் இழப்பு உண்டு. ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே பிறேக் பிடித்து மின்சாரத்தைத் திரும்பப் பெறுவதை விட, தூரத்திலேயே காலை எடுத்து உருள விடுவதே அதிக தூரம் கொடுக்கும். ஓடுபாதையில் இது எளிது. மாலை வேளையில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும் நம் உள்வீதிகளில் உங்களைப் போன்றவர்கள் இதைப் பழகியிருந்தீர்கள். அளந்து எழுதி வைக்க ஒருவரும் இருக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

கேள்வி: எங்கள் பாடசாலை விஞ்ஞான மன்றம் இப்படி ஒரு முயற்சி செய்யலாமா? எங்களிடம் கார் இல்லை.
– மாணவர்கள், விசுவமடு

பதில்: செய்யுங்கள். மேலே சொன்ன சாதனைகளில் முக்022, ஷ்லுக்ஸ்பெக்ட், சன்சுவிவ்ற் மூன்றும் மாணவர்களுடையவை. 1968 போட்டியும் மாணவர்களுடையதே. கார் தேவையில்லை. மின்மோட்டர் பூட்டிய சைக்கிள் ஒன்றோடு தொடங்கலாம். தூரத்தை விட்டுவிட்டு 100 கிலோமீற்றருக்கு எத்தனை அலகு என்பதை இலக்காக வையுங்கள். அப்போது பெரிய பற்றரி வாங்க வசதியுள்ளவர் மட்டுமே வெல்லும் நிலை இராது.

முறை இதுதான். பற்றரியை முழுமையாக ஏற்றுங்கள். விளையாட்டு மைதானத்தில் நாடாவால் அளந்த சுற்றில், ஓட்டுபவர் மிதிக்காமல், ஒரே சீரான வேகத்தில் 20 கிலோமீற்றர் ஓட்டுங்கள். பிறகு மின்மானி ஒன்றின் ஊடாகப் பற்றரியை மீண்டும் முழுமையாக ஏற்றி, எத்தனை அலகு போனது என்று குறியுங்கள். அதை ஐந்தால் பெருக்கினால் 100 கிலோமீற்றருக்கான செலவு வரும். மணிக்கு 10, 15, 20, 25 கிலோமீற்றர் என்று வேகத்தை மாற்றி, வேறு வேறு நாட்களில், ஒரே நிறையுள்ள ஓட்டுநரைக் கொண்டு மீண்டும் செய்யுங்கள். கிளிநொச்சி மாணவி கேட்ட கேள்விக்கு, எந்த வேகத்தில் செலவு மிகக் குறைகிறது என்ற விடை, உங்கள் சொந்த வரைபில் தெரியும். ஓட்டுபவர் தலைக்கவசம் அணிய வேண்டும். பொறுப்பாசிரியர் மைதானத்தில் நிற்க வேண்டும். சார்ஜ் ஏறும் பற்றரியை ஆளில்லாத அறையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காற்றின் திசை, அன்றைய வெப்பநிலை, ரயரின் காற்றழுத்தம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஆவணி முடிவதற்குள் அட்டவணையை அனுப்பினால், அடுத்த முறை இந்தப் பகுதியின் முதல் இடம் உங்களுக்குத் தரப்படும்.